உத்திரமேரூர் ஏரிக்கரையில் வானத்தைக் கேட்கலாம்... ஒரு போனும் கால் கிலோ காப்பர் கம்பியும் இருந்தால்!

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது குடவோலை கல்வெட்டுதான். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவருக்கு முன்னால் நின்று ஒரு செல்ஃபி, பக்கத்தில் ஒரு டீ, அப்படியே வேடந்தாங்கல். வீக் எண்ட் ட்ரிப் ஓவர். ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் இருக்கிறது. இங்கே ராத்திரியில், ஊரை விட்டுத் தள்ளி, வயக்காட்டுப் பக்கம் போனால் அமைதியாக இருக்கும். காதுக்கு மட்டும் இல்லை, ரேடியோவுக்கும் அமைதியாக இருக்கும்.

'ரேடியோவுக்கு என்னங்க அமைதி?' என்று கேட்பீர்கள். அதுதான் மேட்டரே.

சென்னையில் ஒரு ஃபிளாட்டுக்குள் எல்.இ.டி பல்பு, லேப்டாப் சார்ஜர், இன்வெர்ட்டர், லிஃப்ட் மோட்டார் எல்லாமே நம் கண்ணுக்குத் தெரியாமல் மின்காந்த இரைச்சலைக் கக்கிக்கொண்டே இருக்கின்றன. நடு மார்க்கெட்டில் நின்றுகொண்டு தூரத்துக் கோயில் மணியைக் கேட்க முடியாது, இல்லையா? அதே கதைதான். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் இந்தச் சந்தை இரைச்சல் குறைவு. அதனால், ரொம்பத் தூரத்திலிருந்து வருகிற, ரொம்பக் குறைந்த அலைவரிசை கொண்ட ரேடியோ சிக்னல்களை ஓர் அமெச்சூர் ஆளே பிடித்துவிடலாம். அதற்கு வேண்டிய முக்கியமான கருவி ஏற்கெனவே உங்கள் பாக்கெட்டில் இருக்கிறது.

போனுக்குள் ஒளிந்திருக்கும் ரேடியோ

முதலில் ஒரு கணக்கு. எஃப்.எம் 98.3 என்கிறோமே, அது 98.3 மெகாஹெர்ட்ஸ். அதாவது ஒரு வினாடிக்கு 9.83 கோடி அதிர்வு. ஓர் அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். சென்னை வானொலியின் மீடியம் வேவ் 720 கிலோஹெர்ட்ஸ், வினாடிக்கு 7,20,000 அதிர்வு. அலை நீளம் 400 மீட்டருக்கும் மேல். இன்னும் கீழே இறங்கி 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் வந்தால், அதற்கு வி.எல்.எஃப் என்று பெயர். மிகத் தாழ் அலைவரிசை. இங்கே ஓர் அலையே பத்து, இருபது கிலோமீட்டர் நீளம் இருக்கும்!

இப்போது போனுக்கு வருவோம். நீங்கள் வாய்ஸ் நோட் போடும்போது மைக்கில் வருகிற மின்சாரத்தை போன் வினாடிக்கு 48,000 தடவை அளந்து பார்க்கிறது. அப்படி அளந்தால் அதில் பாதி, அதாவது 24 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள அதிர்வுகளைப் பதிவு செய்ய முடியும். வி.எல்.எஃப் ரேடியோவில் முக்கால்வாசி அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. மைக்குக்குப் பதிலாக ஒரு ஆன்டெனாவைச் செருகிவிட்டால் போன் அதை ஒலி என்றே நினைத்துக்கொண்டு பதிவு செய்துவிடும். பாவம், அதற்கு வித்தியாசம் தெரியாது.

ஒலியும் ரேடியோ அலையும் ஒன்றா? இல்லை. ஒலி என்பது காற்றின் அதிர்வு, ரேடியோ என்பது மின்காந்த அதிர்வு. வினாடிக்கு எத்தனை என்ற எண்ணிக்கை மட்டும்தான் ஒத்துப்போகிறது. நமக்கு அந்த எண்ணிக்கை போதும்.

"எந்த மோட்டாருக்கு தம்பி?"

ஆன்டெனாவுக்கு எங்கேயும் ஆர்டர் போட வேண்டாம். பம்ப் செட் மோட்டாருக்கு காயில் கட்டுகிற கடை எல்லா ஊரிலும் இருக்கிறது. அங்கே எனாமல் பூசின காப்பர் கம்பி கிடைக்கும். 26 கேஜில் 300 கிராம் வாங்கினால் கிட்டத்தட்ட 200 மீட்டர் வரும். நான் போய்க் கேட்டபோது கடைக்காரர், "எந்த மோட்டாருக்கு தம்பி, எத்தனை எச்.பி?" என்றார். "மோட்டாருக்கு இல்லைண்ணே, சும்மா சுத்துறதுக்கு" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடைபோட்டுக் கொடுத்தார்.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் மரச் சட்டம். சிலுவை மாதிரி இரண்டு குச்சியைக் குறுக்கே கட்டி நான்கு முனையிலும் வெட்டுப் போட்டாலும் சரி. அதன்மேல் கம்பியை 50 சுற்று சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 4 மீட்டர், கணக்கு சரியாக வரும். இரும்புச் சட்டம் மட்டும் வேண்டாம். இரண்டு முனைகளிலும் எனாமலைச் சுரண்டிவிட்டு, அங்கிருந்து ஒரு ஒயர் எடுத்து மைக் பிளக்கில் இணைக்க வேண்டும்.

இங்கே ஒரு சின்னச் சிக்கல். போன்கள் ஹெட்செட் மைக்குக்கு என்று லேசான மின்னழுத்தத்தை அனுப்பும். எதிர்முனையில் ஒன்றிரண்டு கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தால்தான் 'ஓ, ஹெட்செட் மாட்டியிருக்காங்க' என்று ஒத்துக்கொள்ளும். நம் காயிலின் ரெசிஸ்டன்ஸோ வெறும் 20 ஓம் சொச்சம். அதனால் மைக் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர், காயிலுக்கு முன்னால் ஒரு கெபாசிட்டர் போட வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் இரண்டும் சேர்ந்து பத்து ரூபாய் சமாசாரம். ஹெட்போன் ஓட்டை இல்லாத போன் என்றால் மைக் வசதி உள்ள டைப்-சி அடாப்டர் வேண்டும். சில போன்கள் மைக்கில் வரும் உயர் அதிர்வுகளை வெட்டிவிடும், அதில் ஒன்றும் செய்ய முடியாது. பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால் அதுதான் இந்த வேலைக்கு பெஸ்ட். பேட்டரியில் ஓட்டுங்கள், சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

ஆப்? ஆண்ட்ராய்டில் 'ஸ்பெக்ட்ராய்டு' மாதிரி ஸ்பெக்ட்ரம் காட்டுகிற ஆப் போதும். செட்டிங்ஸில் இரைச்சலை நீக்கும் வசதி ஏதாவது இருந்தால் ஆஃப் பண்ணிவிடுங்கள். நமக்கு வேண்டியதே அந்த 'இரைச்சல்'தான். பதிவு செய்வதாக இருந்தால் 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் ஃபைல். எம்.பி.3 வேண்டாம், அது சைஸைக் குறைக்க உச்சியில் இருப்பதை நறுக்கிவிடும்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு பட்டை

ஊரைத் தாண்டி, மின்கம்பிகளிலிருந்து ஒரு இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளிப் போய், சட்டத்தை நிமிர்த்திப் பிடியுங்கள். திரையின் கீழ்ப்பகுதி முழுக்க வரிவரியாக இருந்தால் அது நம்ம கரன்ட். 50 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகள் 150, 250 என்று போய்க்கொண்டே இருக்கும். தூரத்தில் யாராவது மோட்டார் போட்டால் அதுவும் தெரியும். அதை விட்டுவிட்டு மேலே பாருங்கள். 18.2 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் மெல்லிசாக ஒரு பட்டை தெரியும்.

அது திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ் கட்டபொம்மன் நிலையம். 1990-ல் தொடங்கப்பட்டது. கடலுக்கு அடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவதற்கானது. சாதாரண ரேடியோ அலை உப்புத் தண்ணீரில் நுழைந்த உடனே செத்துவிடும். வி.எல்.எஃப் அலைதான் பத்து, இருபது மீட்டர் ஆழம் வரை இறங்கும். இவ்வளவு நீள அலையை அனுப்ப ஆன்டெனாவும் பிரமாண்டமாக வேண்டும். அங்குள்ள கோபுரத்தின் உயரம் சுமார் 470 மீட்டர். ஈஃபிள் டவர் 330 மீட்டர்தான்!

உத்திரமேரூரிலிருந்து அது 500 கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் எத்தனை மலை, எத்தனை ஊர்! அத்தனையையும் தாண்டி வந்து காயில் கடைக் கம்பியில் விழுகிறது. முதல் தடவை அந்தப் பட்டையைப் பார்த்தபோது நான் நம்பவில்லை. போனின் சொந்த இரைச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். சரிபார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது: சட்டத்தைத் திருப்புங்கள். சட்டத்தின் விளிம்பு தெற்கு, லேசாகத் தென்மேற்குப் பக்கம் பார்த்து நின்றால் பட்டை பிரகாசமாகும். அங்கிருந்து கால் சுற்று திருப்பினால் மங்கிப்போகும். போனின் இரைச்சல் இப்படி திசை பார்க்காது.

இதைக் கேட்பது தப்பா என்று பயப்பட வேண்டாம். உள்ளே போகிற செய்தி ரகசியக் குறியீட்டில் இருக்கிறது, நமக்கு அது புரியப்போவதும் இல்லை, தேவையும் இல்லை. தூரத்தில் ஒரு விளக்கு எரிகிறது, அதன் வெளிச்சம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கிறோம், அவ்வளவுதான். விஞ்ஞானிகள் பல வருடங்களாகச் செய்கிற வேலை இது. ஆனால் நிலையத்துக்கே நேரில் போய் போட்டோ எடுக்கிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளாதீர்கள். அதேபோல, கேட்பது வேறு, அனுப்புவது வேறு. நீங்களே சிக்னல் அனுப்ப ஆசைப்பட்டால் பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்க வேண்டும்.

கட்டபொம்மன் மங்கும்படி சட்டத்தைத் திருப்பி வைத்தீர்களே, அது நல்லதுக்குத்தான். இப்போது விளிம்பு கிட்டத்தட்டக் கிழக்கு, தென்கிழக்குப் பக்கம் பார்க்கிறது. 19.8 கிலோஹெர்ட்ஸில் இன்னொரு பட்டை தெரிகிறதா பாருங்கள். அது ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் எக்ஸ்மவுத் பக்கம் இருக்கும் கடற்படை நிலையம். 5,000 கிலோமீட்டருக்கும் மேல்! வங்கக்கடல் ஓரத்தில் தொடங்கி இந்தியப் பெருங்கடல் முழுவதையும் தாண்டி வருகிறது. 22.2 கிலோஹெர்ட்ஸில் ஜப்பான் நிலையம் ஒன்றும் உண்டு. அது கொஞ்சம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

வானத்துக்குக் கூரை உண்டு

எப்படி இவ்வளவு தூரம் வருகிறது? நமக்கு மேலே காற்று ரொம்ப மெலிந்துபோகும் உயரத்தில் அயனி மண்டலம் இருக்கிறது. வி.எல்.எஃப் அலைகளுக்கு அது ஒரு கூரை. தரை கீழே, கூரை மேலே, நடுவில் ஒரு சுரங்கப்பாதை மாதிரி அலை ஓடிவருகிறது. பகலில் இந்தக் கூரை சுமார் 70 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். ராத்திரி சுமார் 85, 90 கிலோமீட்டருக்கு ஏறிவிடும்.

இந்த உயரத்தை நீங்களே அளக்கலாம் என்றால் நம்புவீர்களா? இந்த ஏரியாவில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

எங்கேயோ மின்னல் வெட்டினால் அது எல்லா அலைவரிசையிலும் ஒரு 'டப்' கொடுக்கும். மீடியம் வேவ் ரேடியோவில் மழைக்கு முன்னால் கரகரப்பு கேட்டிருக்கிறீர்களா? அதேதான். உலகத்தில் எங்கேயாவது மின்னல் வெட்டிக்கொண்டேதான் இருக்கும், அதனால் வி.எல்.எஃப் ஒருபோதும் சும்மா இருக்காது. எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி படபடவென்று கேட்டுக்கொண்டிருக்கும். இதைக் காதால் தெளிவாகக் கேட்கக் காயிலோடு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் சர்க்யூட் சேர்த்தால் நல்லது.

ராத்திரியில் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வெட்டிய மின்னலின் ஓசை அந்தச் சுரங்கப்பாதை வழியாக வரும்போது 'டப்' என்று வராது. குருவிக் குஞ்சு மாதிரி 'டியூங்' என்று ஒரு இழுப்போடு வரும். இதற்கு 'ட்வீக்' என்று பெயர். திரையில் பார்த்தால் மேலிருந்து நேராக இறங்கும் கோடு, அடியில் வளைந்து ஒரு கொக்கி மாதிரி நிற்கும். அந்தக் கொக்கி எந்த அலைவரிசையில் நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கூரைக்கும் தரைக்கும் நடுவில் பாதி அலையாவது அடங்க வேண்டும். அடங்காத அலை வர முடியாது, அதனால்தான் கொக்கி அங்கே நிற்கிறது. ஒளியின் வேகம் வினாடிக்கு 3,00,000 கிலோமீட்டர். அதில் பாதி 1,50,000. அதைக் கொக்கியின் அலைவரிசையால் வகுங்கள். கொக்கி 1,700 ஹெர்ட்ஸில் நின்றால், 1,50,000-ஐ 1,700-ஆல் வகுக்க, விடை சுமார் 88 கிலோமீட்டர். அதுதான் அன்றைக்கு ராத்திரி வானத்தின் கூரை உயரம்.

ராக்கெட் இல்லை, ரேடார் இல்லை. பிளஸ் டூ ஃபிசிக்ஸ், ஒரு போன், காப்பர் கம்பி.

யூடியூபில் 'விஸ்லர்' என்று தேடினால் விசில் அடிக்கிற மாதிரி மேலிருந்து கீழே இறங்கும் அழகான ஓசைகள் கிடைக்கும். முதல் உலகப் போரில் எதிரியின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த ஜெர்மானியர்களின் காதில் விழுந்து, அவர்களைக் குழப்பிய ஓசை. மின்னலின் அலை பூமியின் காந்தப்புலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு விண்வெளிக்குப் போய் எதிர் அரைக்கோளத்தில் இறங்குவதால் வருவது என்று 1953-ல் ஓவன் ஸ்டோரி என்ற ஆராய்ச்சியாளர் விளக்கினார். அதைத் தேடி உத்திரமேரூரில் ராத்திரி முழுக்க உட்காராதீர்கள். காந்த நிலநடுக்கோடு நம் திருநெல்வேலிப் பக்கமாகத்தான் போகிறது. இங்கே காந்தக் கோடுகள் கிட்டத்தட்டத் தரையோடு படுத்துக் கிடக்கின்றன. மேலே ஏறிப் போகப் பாதை இல்லை. நைனிடால், வாரணாசி பக்கம் பதிவு செய்திருக்கிறார்கள். நமக்கு ட்வீக்தான்.

ஒரு கண்டிப்பு. ஏப்ரல், மே கோடை மழையும் ஐப்பசி மழையும்தான் இதற்கு சீசன். ஆனால் மின்னல் தூரத்தில் இருக்கும்வரைதான் விளையாட்டு. கண்ணுக்கு வெட்டு தெரிந்தாலே, இடி காதில் விழுந்தாலே, கம்பியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுங்கள். ஏரிக்கரை மேல் உயரமான சட்டத்தோடு தனியாக நிற்கிற ஆள்தான் மின்னலுக்கு முதல் குறி. பூச்சி பொட்டு நடமாடும் இடம், டார்ச்சும் ஷூவும் கட்டாயம்.

சூரியன் தும்மினால்

வீட்டுத் தோட்டத்திலேயே காயிலை நிரந்தரமாக நிறுத்தி, கட்டபொம்மன் சிக்னலின் அளவை நாள் முழுக்கப் பதிவு செய்தால் இன்னொரு உலகம் தெரியும். விடியும் நேரத்தில் கூரை கீழே இறங்கும்போது கோடு ஒரு குழி விழுந்து எழும். சாயங்காலமும் அப்படியே. நடுப்பகலில் திடீரென்று கோடு செங்குத்தாக ஏறி (சில பாதைகளில் இறங்கி), பிறகு மெதுவாகப் பழைய நிலைக்கு வந்தால், சுறா மீனின் துடுப்பு மாதிரி இருந்தால், சூரியனில் ஒரு வெடிப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். அதன் எக்ஸ்-கதிர்கள் கூரையை அமுக்கிவிட்டன. 2024 மே 11 அன்று காலை நம் நேரப்படி 6.53 மணிக்கு எக்ஸ் 5.8 என்ற பலமான வெடிப்பு. அப்போது உத்திரமேரூரில் சூரியன் உதித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. லடாக்கில் வானம் சிவந்தது என்று போட்டோக்கள் வைரலானதே, அதே நாட்கள்தான். அன்றைக்கு இங்கே யாராவது ஒரு காயிலை மாட்டி வைத்திருந்தால் அந்தத் துடுப்பு பதிவாகியிருக்கும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இதற்காகவே பள்ளி மாணவர்களுக்கு எளிய ரிசீவர்களை உலகம் முழுக்கக் கொடுத்திருக்கிறது.

கிரகணமும் அப்படித்தான். 2009 ஜூலை 22 முழு சூரிய கிரகணத்தின்போது கொல்கத்தாவின் இந்திய விண்வெளி இயற்பியல் மையம் நாட்டின் பல ஊர்களில் ரிசீவர்களை வைத்தது. அவர்கள் கேட்டதும் நம் விஜயநாராயணத்தின் 18.2 கிலோஹெர்ட்ஸைத்தான். நிலாவின் நிழல் போன வழியில் சில நிமிடங்களுக்கு ராத்திரி வந்த மாதிரி கூரை மேலே ஏற, சில ஊர்களில் சிக்னல் கூடியது, சில ஊர்களில் குறைந்தது.

அடுத்த சான்ஸ் நமக்கு. 2031 மே 21 அன்று வளைய சூரிய கிரகணம். அதன் பாதை கேரளாவில் நுழைந்து, தேனி, மதுரை வழியாகக் காரைக்குடி, வேதாரண்யம் பக்கம் போய் யாழ்ப்பாணத்துக்குப் போகிறது. மேப்பை எடுத்து விஜயநாராயணத்துக்கும் உத்திரமேரூருக்கும் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு நிழலின் பாதையை மதுரைக்குப் பக்கத்தில் குறுக்கே வெட்டும். அதாவது, உத்திரமேரூரில் கேட்கும் சிக்னல் நிழலுக்கு அடியில் புகுந்துதான் வர வேண்டும். இதைவிட நல்ல சீட் கிடைக்காது. இன்றைக்கு ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவர்கள் அப்போது காலேஜில் இருப்பார்கள்.

ஆனால் ஒரு நாள் மட்டும் பதிவு செய்து பிரயோஜனம் இல்லை. கிரகணத்தன்று கோடு வளைந்தால், சாதாரண நாளில் அது எப்படி இருந்தது என்று காட்ட வேண்டாமா? மாதக்கணக்கில் பதிவு வேண்டும். அங்கேதான் எனக்குக் கவலை. ஊருக்கு ஊர் எல்.இ.டி தெருவிளக்கு வந்துவிட்டது, நல்லதுதான். வீட்டுக்கு நான்கு சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர், விலை குறைந்த பவர் சப்ளை. தரமில்லாத ஒரே ஒரு பல்பு போதும், 18.2-ல் தெரிந்த பட்டையை மொத்தமாக மூடிவிடும். போன வருடம் நன்றாகக் கேட்ட இடத்தில் இந்த வருடம் இன்னும் அரை கிலோமீட்டர் உள்ளே நடக்க வேண்டியிருக்கிறது. யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது, இருட்டில் நடக்கச் சொல்லவும் முடியாது. அமைதியான இடத்தை இப்போதே தேடிக் குறித்து வைத்துக்கொள்வதுதான் வழி. உங்கள் வீட்டைச் சுற்றி காயிலோடு ஒருமுறை நடந்து பாருங்கள். எந்த அறையிலிருந்து எந்தக் கோடு வந்தது என்று தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் குற்றவாளி வைஃபை ரவுட்டரின் அடாப்டர்.

அதுவரைக்கும் ஒரு சின்ன டார்கெட் வேண்டுமா? ஸ்வீடனில் கிரிமெட்டன் என்ற ஊரில் 1924-ல் கட்டிய ஒரு டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது. உள்ளே டிரான்சிஸ்டர் இல்லை, வால்வு இல்லை. மோட்டார் மாதிரி சுழலும் ஒரு ராட்சத இயந்திரமே 17.2 கிலோஹெர்ட்ஸ் அலையை உருவாக்குகிறது. (அதே 1924-ல்தான் சென்னையில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது.) யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான அதை வழக்கமாக டிசம்பர் 24 அன்று ஓட்டி மோர்ஸ் கோடில் வாழ்த்து அனுப்புவார்கள். உலகம் முழுக்க அமெச்சூர்கள் காத்திருந்து கேட்டு ரிப்போர்ட் அனுப்புவார்கள். இங்கே அது பகல் நேரம், தூரம் 7,000 கிலோமீட்டருக்கும் மேல், பக்கத்திலேயே 17.0-ல் விஜயநாராயணம் வேறு குறுக்கே வரலாம். கஷ்டம்தான். ஆனால் சட்டத்தை வடமேற்குப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டை ஏரிக்கரையில் வைத்துக்கொள்வதில் என்ன நஷ்டம்?